வெப்பத்துக்கு விலை அதிகம்

ஒரு லிட்டர் தண்ணீரின் வெப்பநிலையை ஒரே ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்த 4,180 ஜூல் ஆற்றல் வேண்டும். அதே ஆற்றலை வைத்து அந்த ஒரு லிட்டர் தண்ணீரை எவ்வளவு உயரத்துக்குத் தூக்கலாம்? ஏறத்தாழ 427 மீட்டர், அதாவது 1,400 அடி. தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தை ஒன்றன்மேல் ஒன்றாக ஆறேழு முறை அடுக்கினால் வரும் உயரம் அது. வெப்பத்துக்கும் வேலைக்கும் இடையிலான இந்த விகிதத்தை 1840-களில் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஜூல் அளந்தார். ஒரு எடை கீழே இறங்க, அதனோடு பிணைத்த துடுப்புச் சக்கரம் தண்ணீருக்குள் சுழலும். தண்ணீர் மிக மிகச் சிறிதளவு சூடாகும். அந்தச் சிறிய மாற்றத்தை அளக்க அவர் ஆண்டுக்கணக்கில் பாடுபட்டார். ஆற்றலின் அலகுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறோம்.

இந்தக் கணக்கை நம் வீட்டுக்குள் கொண்டுவந்து பார்க்கலாம். குளியலறைச் சுவரில் மாட்டியிருக்கும் 15 லிட்டர் கீசர், 28 டிகிரித் தண்ணீரை 60 டிகிரிக்குச் சூடாக்க அரை யூனிட்டுக்குச் சற்று மேல் மின்சாரம் எடுக்கிறது. 200 அடி உயரத்துக்குத் தண்ணீரை ஏற்றி 1,000 லிட்டர் தொட்டியை நிரப்பும் போர்வெல் மோட்டாருக்கும், பம்பின் இழப்புகளையெல்லாம் சேர்த்தால், கிட்டத்தட்ட அதே அரை யூனிட்தான் ஆகிறது. மோட்டார் ஓடுவது வீடு முழுக்கக் கேட்கும். தொட்டி நிரம்பி வழிந்தால் "மோட்டாரை நிறுத்து" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். கீசர் ஒரு சிறிய சிவப்பு விளக்கோடு சத்தமில்லாமல் வேலையை முடித்துவிடுகிறது. நான்கு பேர் ஆளுக்கொரு கீசர் வெந்நீரில் குளித்தால், நான்கு தொட்டித் தண்ணீரை நிலத்தடியிலிருந்து ஏற்றும் ஆற்றல் செலவாகிவிட்டது.

இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வருவது இதுதான். வீட்டில் எங்கே சூடு உண்டாக்குகிறோமோ, எங்கே சூட்டை வெளியேற்றுகிறோமோ, அங்கேதான் நம் ஆற்றல் செலவில் பெரும்பகுதி இருக்கிறது. சத்தம் போடுவதையும் வெளிச்சம் தருவதையும் கண்ணுக்குத் தெரிவதையும் பார்த்துக் கவலைப்படுகிறோம். செல்போன் சார்ஜரைப் பிடுங்கி வைக்கிறோம், நல்ல பழக்கம்தான். ஆனால் ஒரு செல்போனைத் தினமும் சார்ஜ் செய்தால் ஆண்டு முழுவதற்கும் 10 யூனிட்கூட ஆகாது. பழைய 1.5 டன் ஏசி ஒன்று ஒரே இரவில் 8 யூனிட் வரை எடுத்துவிடும்.

ஒரு நடுத்தர வீட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் மின்சாரம், ஆண்டுக்கு 8 கேஸ் சிலிண்டர், தினமும் முக்கால் கிலோ சமையலறைக் குப்பை. இந்தியாவின் மின்சாரத்தில் சுமார் 70 சதவீதம் இன்னும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. அதனால் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளிப்படுகிறது. அப்படியானால் மின்சாரத்தால் ஆண்டுக்கு 1,680 கிலோ. ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் சுமார் 3 கிலோ கரியமில வாயு வரும், 14.2 கிலோ சிலிண்டர் எட்டுக்கு 340 கிலோ. குப்பை மேட்டில் ஆழமாகப் புதைந்து அழுகும் சமையலறைக் கழிவு, மீத்தேன் வழியாக, கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான பாதிப்பைத் தரும். ஆண்டுக்கு 270 கிலோ. ஒரு நாளைக்கு ஒன்று என்று பிளாஸ்டிக் கேரி பேக் வாங்கினால், தயாரிப்பு முதல் எரிந்து சாம்பலாவது வரை எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 10 கிலோ அளவில்தான் வரும். பிளாஸ்டிக் பை நல்லது என்று இதற்குப் பொருளில்லை. அதன் தீமை வேறு கணக்கில் வருகிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

கொதித்த தண்ணீர் அதற்கு மேல் சூடாகாது

சமையலறையில் நாம் அறிய வேண்டிய முதல் உண்மை இது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. அதன் பிறகு அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் 100 டிகிரிதான். கூடுதல் தீ முழுவதும் தண்ணீரை ஆவியாக்கத்தான் போகிறது. பருப்பு வேகும் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது. தீயின் அளவைப் பொறுத்தது அல்ல. தளதளவென்று கொதிக்கும் குழம்பும், ஓரத்தில் மட்டும் மெல்லக் குமிழியிடும் குழம்பும் ஒரே வேகத்தில்தான் வேகின்றன.

ஆவியாவதற்கு எவ்வளவு செலவாகும்? 30 டிகிரியில் உள்ள ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதி நிலைக்குக் கொண்டுவர 293 கிலோ ஜூல் போதும். கொதித்த அந்த ஒரு லிட்டரை முழுக்க ஆவியாக்க 2,257 கிலோ ஜூல் வேண்டும். ஏழரை மடங்குக்கும் மேல். இதை இயற்பியலில் உள்ளுறை வெப்பம் என்கிறோம். தண்ணீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டிருப்பவை. அந்தப் பிடியை விடுவித்து ஆவியாகப் பறக்கவிடத்தான் இவ்வளவு ஆற்றல்.

மூடி போடாமல் கொதிக்கவிட்டு நாளொன்றுக்கு அரை லிட்டர் தண்ணீரை வீணாக ஆவியாக்கும் சமையலறை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். சாதத்தில் கொஞ்சம், பருப்பில் கொஞ்சம், டீயில் கொஞ்சம், குளிக்க வைத்த வெந்நீரில் கொஞ்சம் என்று அரை லிட்டர் எளிதாகப் போய்விடும். அடுப்பின் சூட்டில் 60 சதவீதம் பாத்திரத்துக்குப் போவதாக வைத்துக்கொண்டால் தினமும் 41 கிராம் எரிவாயு. 365 நாளுக்கு 15 கிலோ. ஒரு முழு சிலிண்டருக்கும் மேல்! தட்டைப் போட்டு மூடுவதும், கொதி வந்ததும் சிம்மில் வைப்பதும் ஆண்டுக்கு ஒரு சிலிண்டரை மிச்சப்படுத்தும். இதைவிட எளிய சுற்றுச்சூழல் பணி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பிரஷர் குக்கர் இந்த 100 டிகிரி எல்லையைத் தாண்டுவதற்கென்றே பிறந்த கருவி. பிரெஞ்சுக்காரரான டெனி பாப்பான் 1679-இல் லண்டனில் இதன் முன்னோடியைச் செய்துகாட்டினார். மூடிய பாத்திரத்தில் ஆவியின் அழுத்தம் ஏற ஏற, தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையும் ஏறும். நம் வீட்டுக் குக்கரில் வெயிட் தூக்கும் நேரத்தில் உள்ளே சுமார் 120 டிகிரி இருக்கிறது. 10 டிகிரி கூடினால் வேகும் வேகம் தோராயமாக இரட்டிப்பாகும் என்ற வேதியியல் பட்டறிவை வைத்துப் பார்த்தால், 20 டிகிரிக்கு நான்கு மடங்கு. ஆனால் குக்கரைப் பயன்படுத்தும் விதத்தில் ஒரு பிழை பரவலாக இருக்கிறது. விசில் எண்ணுவதைத்தான் சொல்கிறேன். விசில் என்பது உள்ளே தேவைக்கு மேல் சேர்ந்த ஆவியை வெளியே விடும் ஓசை. ஒவ்வொரு விசிலோடும் எரிவாயு கொடுத்துச் செய்த ஆவி ஜன்னல் வழியே போகிறது. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துவிட்டு நிமிடக் கணக்கில் வேகவிடுவதே சரி. "ஆறு விசில்" என்று அம்மா சொல்லிக் கொடுத்த பருப்புக்கு, ஒரு விசிலும் சிம்மில் பத்துப் பன்னிரண்டு நிமிடமும் வைத்துப் பாருங்கள். முன்பே ஊறவைத்த பருப்பானால் அதற்கும் குறைவு.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். அரிசியின் மாவுச்சத்து 70 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கிவிடும். சோறு வேக 100 டிகிரியில் நிறுத்தி வைக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. சூடு தணியாமல் இருந்தால் போதும். கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் அமைப்பு 'சூடாறாப்பெட்டி' என்ற ஒன்றை வீடுகளுக்குக் கொண்டுசேர்த்தது. சூடு வெளியே போகாதபடி காப்புப் பொருள் அடைத்த பெட்டி, அவ்வளவுதான். அரிசியை ஐந்து, பத்து நிமிடம் கொதிக்கவிட்டுப் பாத்திரத்தோடு உள்ளே வைத்து மூடினால், மீதி வேலையைப் பாத்திரத்தில் உள்ள சூடே செய்து முடிக்கும். கடையில் விற்கும் தெர்மல் குக்கரும் இதே தத்துவம்தான். அட்டைப் பெட்டியில் பழைய போர்வையைத் திணித்து நீங்களே செய்துகொள்ளலாம். ஒரே எச்சரிக்கை: சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். வெதுவெதுப்பில் நாள் முழுக்க வைத்த சோற்றில் கிருமிகள் பெருகும்.

கேஸ் அடுப்பா, இண்டக்‌ஷன் அடுப்பா? இந்தக் கேள்வியை நிறையப் பேர் கேட்கிறார்கள். நேர்மையான பதில் கொஞ்சம் சிக்கலானது. இண்டக்‌ஷன் அடுப்பில் 85 சதவீத ஆற்றல் பாத்திரத்துக்குப் போகிறது; கேஸில் 60, 65 சதவீதம்தான். அந்த வகையில் இண்டக்‌ஷன் சிறந்தது. ஆனால் அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது? ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க எரிவாயுவில் 32 கிராம் கரியமில வாயு வருகிறது. இன்றைய இந்திய மின்சாரத்தில் 67 கிராம். அதாவது இருமடங்கு. அனல்மின் நிலையத்தில் நிலக்கரி தரும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது, மீதி கடலுக்கும் காற்றுக்கும் போகிறது என்பதே காரணம். ஆகவே கூரையில் சூரிய மின்தகடு வைத்திருப்பவர்கள், பகலில் சமைப்பவர்கள், இன்றே இண்டக்‌ஷனுக்கு மாறலாம். மற்றவர்களுக்கு, காற்றாலையும் சூரிய ஒளியும் பெருகப் பெருக, இந்தக் கணக்கு ஆண்டுதோறும் இண்டக்‌ஷன் பக்கம் சாய்ந்துகொண்டே வரும். அடுக்களைக் காற்றின் தூய்மைக்கு இண்டக்‌ஷன் இப்போதே நல்லது. நாம் எரிக்கும் சமையல் எரிவாயுவில் பாதிக்கும் மேல் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிறது என்பதையும் நினைவில் வைக்கலாம்.

கீசருக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2 கிலோவாட் கீசர் 15 லிட்டரைச் சூடாக்க 17 நிமிடம்தான் ஆகும். குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுவைத்தால், சூடான தொட்டி சுவர் வழியே சூட்டை இழந்துகொண்டே இருக்கும். சித்திரை வைகாசியில் மொட்டை மாடித் தொட்டியே வெந்நீர்தான் தருகிறது. அந்த மாதங்களில் கீசரின் சுவிட்சை மறந்துவிடுங்கள்.

தலைக்கு மேல் 90 கிலோவாட்

கோடை நண்பகலில் தமிழ்நாட்டின் ஒரு சதுர மீட்டர் தளத்தில் சுமார் 1,000 வாட் வெயில் விழுகிறது. 1,000 சதுர அடி மொட்டை மாடி என்பது 93 சதுர மீட்டர். ஆக, உங்கள் தலைக்கு மேல் 90 கிலோவாட்டுக்கும் அதிகமான வெப்பம். 2 கிலோவாட் கீசர்கள் நாற்பத்தைந்தை ஒரே நேரத்தில் மாடியில் போட்டுவிட்டது போல. சிமென்ட் தளம் இதில் கால்பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது. மீதியை உள்வாங்குகிறது. அதில் பெரும்பகுதி காற்றுக்கும் வானத்துக்கும் திரும்பிப் போனாலும், ஒரு பகுதி கான்கிரீட்டுக்குள் மெல்ல இறங்கிச் சில மணி நேரம் கழித்துக் கூரையின் அடிப்புறத்துக்கு வந்துசேர்கிறது. வெயில் சாய்ந்த பிறகும் இரவு ஒன்பது, பத்து மணிக்கு மேல்மாடி அறையில் சீலிங் அனலாகக் கொதிப்பது இதனால்தான். ஃபேனைப் போட்டால் அந்த அனலைத்தான் நம்மேல் தள்ளுகிறது. பிறகு ஏசி வாங்குகிறோம். கூரை கொண்டுவந்த வெப்பத்தை ஏசி வெளியே இறைக்கிறது; அதற்கான மின்சாரத்துக்காக எங்கோ நிலக்கரி எரிகிறது; அது பூமியை இன்னும் சூடாக்குகிறது.

இந்தச் சங்கிலியை முதல் கண்ணியிலேயே அறுக்க முடியும். தளத்துக்கு வெள்ளை அடித்தால் போதும். புதிதாக அடித்த வெள்ளைப் பூச்சு வெயிலில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். கடையில் கிடைக்கும் கூலிங் பெயின்ட் சில ஆண்டுகள் நிற்கும். அதற்கு வசதியில்லாதவர்கள் சுண்ணாம்பில் ஃபெவிகாலும் வெள்ளை சிமென்டும் கலந்து, மாசி பங்குனியில் ஒருமுறை இரண்டு கோட் அடிக்கலாம். மழையில் கரைந்துபோகும், அடுத்த கோடைக்குத் திரும்ப அடிக்க வேண்டும். தூசி படிந்தால் பிரதிபலிப்பு குறையும் என்பதால் இடையே ஒருமுறை பெருக்கிக் கழுவுவது நல்லது. நம் பழைய வீடுகளில் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கனமாகப் போட்ட மெட்ராஸ் டெரஸும், அதன்மேல் பதித்த தட்டோடும் செய்த வேலையை மெல்லிய கான்கிரீட் தளம் செய்வதில்லை. தெலங்கானா அரசு 2023-இல் குளிர்கூரைகளுக்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது. நாம் அரசாணைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு நீளமான பிரஷ்ஷும் போதும்.

ஜன்னலுக்கும் இதே நியாயம்தான். உள்ளே திரை போட்டால், வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட பிறகுதான் அதைத் தடுக்கிறோம். திரை சூடாகி, அந்தச் சூடு அறைக்குள்ளேயே தங்கிவிடும். வெளியே ஒரு தட்டி, ஒரு மூங்கில் படுதா, ஒரு முருங்கை நிழல் என்று கண்ணாடிக்கு முன்னாலேயே வெயிலை மறிக்க வேண்டும். மேற்குச் சுவருக்கு முதலிடம் கொடுங்கள்.

இதையெல்லாம் செய்த பிறகு ஃபேன். ஃபேன் அறையைக் குளிர்விப்பதில்லை, ஆளைத்தான் குளிர்விக்கிறது. நம் தோலை ஒட்டியிருக்கும் ஈரக்காற்றை விலக்கி வியர்வையை ஆவியாக்குகிறது. அடுப்பில் எரிவாயுவைத் தின்ற அதே உள்ளுறை வெப்பம், இங்கே நம் உடலின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஆள் இல்லாத அறையில் ஃபேன் ஓடினால் யாருக்கும் குளிராது. மோட்டாரின் சூடுதான் மிஞ்சும். வழக்கமான சீலிங் ஃபேன் 75 வாட் எடுக்கும். பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்டில் அதே காற்றைத் தரும். தினமும் 15 மணி நேரம் ஓடும் ஃபேன் ஒன்றை மாற்றினால் ஒரு பில்லுக்கு, அதாவது இரண்டு மாதத்துக்கு, 40 யூனிட் குறையும்.  இரண்டு ஃபேன்களை மாற்றினால் 80 யூனிட் மிச்சம். பழைய ஃபேன் பழுதாகும்போது மாற்றினால் போதும். நன்றாக ஓடுவதைத் தூக்கிப் போட வேண்டாம்.

ஏசி இல்லாமல் முடியாத வீடுகள் இருக்கின்றன. வயதானவர்கள், கைக்குழந்தைகள், நோயாளிகள் இருக்கும் வீட்டில் வெப்ப அலையின்போது ஏசி உயிர் காக்கும். குற்ற உணர்ச்சியோடு போட வேண்டியதில்லை. சரியாகப் போட வேண்டும். ஏசி தொடக்கத்திலேயே 24 டிகிரியில் நிற்க வேண்டும் என்று 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியிட்ட ஏசிகளுக்கு விதி வந்தது. ஒரு டிகிரி உயர்த்தினால் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பின் மதிப்பீடு. 27-இல் வைத்துக்கொண்டு ஃபேனையும் மெதுவாக ஓடவிட்டால் 24-க்கு இணையான சுகம் கிடைக்கிறது.

ஆனால் ஏசியில் பெரும்பாலோர் கவனிக்காதது அதற்குள் ஓடும் வாயு. ஆர்-410ஏ என்ற வாயு ஒரு கிலோ காற்றில் கலந்தால், அது 2,000 கிலோவுக்கும் அதிகமான கரியமில வாயு பூமியைச் சூடாக்கும் அளவுக்குச் சூடாக்கும். நம் மின்சாரக் கணக்கில் அது சுமார் 3,000 யூனிட்டுக்குச் சமம். முன்பு சொன்ன நடுத்தர வீட்டின் ஓராண்டு மின்சாரத்தையும் தாண்டிவிடும்! ஆர்-32 என்ற இன்னொரு வாயுவுக்கு இந்த எண் 675. ஆர்-290 எனப்படும் புரோப்பேனுக்கு வெறும் 3 அளவில்தான். இந்த வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க 2016-இல் கிகாலி நகரில் உலக நாடுகள் உடன்பட்டன. இந்தியா 2021-இல் ஒப்புதல் அளித்தது. வீட்டில் நாம் செய்ய வேண்டியது ஒன்று. ஏசியில் உள்ள வாயு மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. பெட்ரோல் போலத் தீர்ந்துபோகாது. "கேஸ் குறைஞ்சிருக்கு சார், ஃபில் பண்ணணும்" என்று மெக்கானிக் சொன்னால், எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவைக் கண்டுபிடித்து அடைத்த பிறகுதான் நிரப்ப வேண்டும் என்று சொல்லுங்கள். பழைய ஏசியைக் கழற்றும்போது வாயுவை வெளியே திறந்துவிடாமல் வெளிப்புற யூனிட்டுக்குள் இழுத்து அடைக்கச் சொல்லுங்கள். சில நிமிட வேலை.

சூரிய மின்தகடு பற்றி ஒரு வார்த்தை. ஒரு கிலோவாட் தகடு நம் ஊரில் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். 2024-இல் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. சொந்தக் கூரை உள்ளவர்கள் யோசிக்கலாம். ஆனால் முதலில் செலவைக் குறைத்துவிட்டு, பிறகு தகட்டின் அளவை முடிவு செய்யுங்கள்.

வீணாகும் தண்ணீரும் வரும் தண்ணீரும்

2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். அதே சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. 100 சதுர மீட்டர் மாடியில் அது 1,40,000 லிட்டர். மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003-இலேயே எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. குழாயும் தொட்டியும் பல வீடுகளில் இருக்கின்றன. உள்ளே இலையும் சேறும் அடைத்துக்கொண்டு. ஆவணி, புரட்டாசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஒரு நாள் அந்தக் குழியைத் திறந்து சரளைக் கல்லையும் மணலையும் கழுவிப் போடுங்கள்.

ஆர்.ஓ. இயந்திரம் ஒரு லிட்டர் குடிநீர் தர இரண்டு மூன்று லிட்டரைக் கழித்துவிடுகிறது. தண்ணீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்கும் இடங்களில் ஆர்.ஓ. தேவையில்லை, தடை செய்யுங்கள் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் கூறியது. முதலில் உங்கள் தண்ணீரைச் சோதியுங்கள். கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்தான். உப்பு குறைவென்றால் வடிகட்டிக் காய்ச்சுவதோ, புற ஊதா விளக்கு உள்ள சுத்திகரிப்பானோ போதும். உப்பு அதிகமென்றால் ஆர்.ஓ. வேண்டியதுதான், கழிவுநீரை வாளியில் பிடித்துத் தரை துடைக்கவும் கழிவறைக்கும் பயன்படுத்துங்கள். செடிக்கு ஊற்ற வேண்டாம். உப்பு மண்ணில் சேர்ந்துவிடும்.

பையும் குப்பையும்

பிளாஸ்டிக் பையின் காலநிலைக் கணக்கு சிறியது என்று சொன்னேன். டென்மார்க்கின் சுற்றுச்சூழல் அமைப்பு 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதை இன்னும் உரத்துச் சொன்னது. காலநிலைப் பாதிப்பை மட்டும் பார்த்தால், ஒரு சாதாரணப் பருத்திப் பையைக் குறைந்தது 52 முறை பயன்படுத்தினால்தான் அது அங்குள்ள பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும் என்றது. பருத்தி விளைய நீரும் உரமும் வேண்டும், நூற்க, நெய்ய, சாயமிட ஆற்றல் வேண்டும். ஆனால் டென்மார்க்கில் குப்பையைக் கொதிகலனில் எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். தெருவில் பறக்கும் பையை அந்த ஆய்வு கணக்கில் எடுக்கவில்லை. நம் ஊரில் பை மழைநீர் வடிகாலை அடைக்கிறது, மாட்டின் வயிற்றில் சுருண்டு கிடக்கிறது, கடலுக்குப் போகிறது. அதனால் 2019 ஜனவரி 1 முதல் 14 வகை ஒருமுறைப் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாடு விதித்த தடையும், 2021 டிசம்பரில் தொடங்கிய 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் முற்றிலும் நியாயமானவை. டென்மார்க் கணக்கிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு: கல்யாண வீடு, கண்காட்சி, ஜவுளிக்கடை என்று போகும் இடமெல்லாம் புதுத் துணிப்பை வாங்கி அலமாரியில் அடுக்காதீர்கள். இருக்கிற இரண்டு மூன்றையே கிழியும்வரை எடுத்துப் போங்கள்.

பிளாஸ்டிக்கைக் கொல்லைப்புறத்தில் எரிக்கவே கூடாது. குறைந்த சூட்டில் அரைகுறையாக எரியும் பிளாஸ்டிக், அதிலும் பி.வி.சி., டையாக்சின் போன்ற நச்சுகளைக் கக்கும். அடுப்பு மூட்ட பிளாஸ்டிக் காகிதம் போடும் வழக்கமும் அப்படித்தான்.

இனி ஈரக் குப்பை. நம் நகரங்களின் குப்பையில் ஏறத்தாழ பாதி, சமையலறையிலிருந்து வருவது. காய்கறித் தோல், வாழைத்தோல், மிஞ்சிய சோறு, டீத்தூள். இவை எல்லாம் மண்ணிலிருந்து வந்தவை, மண்ணுக்குப் போனால் மட்கிவிடும் என்று நினைக்கிறோம். எப்படிப் போகின்றன என்பதில்தான் விஷயம் இருக்கிறது. காற்றோட்டத்தில் கிடந்தால் ஆக்சிஜனை உண்ணும் நுண்ணுயிர்கள் அவற்றைக் கரியமில வாயுவாகவும் நீராகவும் எருவாகவும் பிரிக்கின்றன. செடி வளரும்போது காற்றிலிருந்து எடுத்த கரி அது. திரும்பிப் போவதால் பூமிக்குக் கூடுதல் சுமையில்லை. சென்னையின் பெருங்குடி, கொடுங்கையூர் போன்ற குப்பை மேடுகளில் பல மீட்டர் ஆழத்தில் புதைந்தால் ஆக்சிஜன் கிடைக்காது. அங்கே வேறு நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கி மீத்தேனைத் தருகின்றன. நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைவிட 27 மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கும். இருபதாண்டுக் கணக்கில் 80 மடங்கு. அது எரியவும் எரியும். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பை மேடு நாள்கணக்கில் எரிந்தது. அதன் அருகிலேயே, அதே ஆண்டு ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற பள்ளிக்கரணை சதுப்புநிலம் இருக்கிறது.

எரு செய்ய நிலம் வேண்டாம். அடியிலும் பக்கவாட்டிலும் துளையிட்ட ஒரு மண்பானையோ பழைய பெயின்ட் வாளியோ போதும். ஒரு பிடி ஈரக் குப்பைக்கு ஒரு பிடி உலர்ந்த இலை அல்லது தென்னை நார்க்கழிவு. நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25, 30 பங்கு கரி தேவை. காய்கறித் தோலில் நைட்ரஜன் அதிகம், உலர்ந்த இலையில் கரி அதிகம். தொடக்கத்தில் கொஞ்சம் புளித்த மோர் தெளிக்கலாம். வாரம் இருமுறை கிளறிவிட்டால் காற்று போகும். மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி வந்தால் இலை போதவில்லை. அழுகல் நாற்றம் வந்தால் ஈரம் கூடி, காற்று குறைந்துவிட்டது. இரண்டுக்கும் மருந்து உலர்ந்த இலையும் கிளறலும்தான். சாம்பல் நிறத்தில் தடித்த புழுக்கள் நெளிந்தால் பயப்படாதீர்கள். பெரும்பாலும் கருப்புப் படைவீரன் ஈயின் புழுக்களாக இருக்கும். குப்பையை வேகமாகத் தின்று தீர்ப்பவை, நோய் பரப்பாதவை. இரண்டு மாதத்தில் வாளியின் அடியில் கறுப்பாக, மழை பெய்த மண்ணின் மணத்தோடு எரு இருக்கும். தேங்காய்ச் சிரட்டையும் மாங்கொட்டையும் மட்டும் இதில் சேராது.

எரு செய்ய முடியாதவர்கள் பிரித்தாவது கொடுங்கள். ஈரக் குப்பை ஒன்று, உலர் குப்பை ஒன்று, மருந்து, பேட்டரி, ஊசி போன்ற ஆபத்தானவை ஒன்று என்று மூன்றாகப் பிரிக்க வேண்டும் என 2016-இல் விதி வந்தது. நாம் பிரிக்காவிட்டால் அதைத் தூய்மைப் பணியாளர்கள் தங்கள் கையால் பிரிக்கிறார்கள். உடைந்த கண்ணாடியும் சவர பிளேடும் அந்தக் கையைத்தான் கிழிக்கின்றன. நாளைக் காலை குப்பை வண்டியின் மணி கேட்பதற்கு முன் ஈரத்துக்கு ஒன்று, உலர்ந்ததற்கு ஒன்று என இரண்டு வாளிகளை எடுத்து வையுங்கள். கண்ணாடித் துண்டுகளைத் தடித்த அட்டையில் சுற்றி, மேலே "கண்ணாடி" என்று எழுதித் தனியாகக் கையில் கொடுங்கள்.